சிவப்புப் புள்ளித் தட்டு

மதிய வெயில் ஜன்னல் வழியே சாய்ந்து விழுகிறது. அதில் கோதுமை மாவு புகைபோல மிதக்கிறது. அண்ணி மாவு பிசைகிறாள். கொழுந்தனின் கல்லீரலில் வைரஸ் என்று தெரிந்ததும், யாரும் தொடக்கூடாதென்று அவள் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்த தட்டு, அலமாரி மூலையில் தனியாகக் கிடக்கிறது. "என் குடலுக்குக் கோதுமையும் ஆகலையாம். தூள் பட்டாலே புண்ணாகுமாம். வைரஸுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கலாம்னு டாக்டர் சந்தேகப்படறார்," என்கிறான் அவன், சமையலறை வாசலில் நின்றபடி. "ஒண்ணு போதாதுன்னு இன்னொண்ணா? துரைக்கு இனி தனிச் சமையல் வேறயா?" மாவுக் கையின் இரண்டே விரலால் அவன் தட்டை எடுத்து நீட்டுகிறாள். சிவப்புப் புள்ளியின் பக்கத்தில் அவள் கட்டைவிரல் வெள்ளையாகப் பதிகிறது. குழாய் சொட்டுகிறது. அவன் கை நீட்டவில்லை. "கீழ வைங்க அண்ணி. இனிமே என் தட்டை நீங்க தொடக்கூடாது."