தூங்கியவரின் படம்

நூலகத்தின் முகநூல் பக்கத்தைக் கவனிக்கும் நூலகர் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறாள். எதிரே, கழுத்தில் டையும் கையில் அலுவலகப் பையுமாக, நாள்தோறும் வரும் வாசகர் நிற்கிறார். சன்னல் வெயில் மேசைக் கண்ணாடியில் பட்டு அவர் மோவாயில் நடுங்குகிறது. செய்தித்தாள்மேல் தலைசாய்த்து, வாய்பிளந்து அவர் உறங்கும் படத்தை, "எங்களிடம் தூக்கமும் இலவசம்" என்னும் வரியுடன் நேற்று அவள்தான் பதிவிட்டாள். புதுநூல் அறிவிப்புகளை ஈ காக்கைகூட எட்டிப் பார்ப்பதில்லை. இதற்கோ விருப்பக்குறிகள் வந்து குவிந்தன. "வேலை போனது வீட்டுல தெரியாதும்மா. ஆபீஸ் போறேன்னு சொல்லிட்டுத்தான் இங்க வருவேன். நேத்து என் மகளே போனை நீட்டுறா, 'ஆபீஸ் வசதியா இருக்கேப்பா'ன்னு." அவள் கைப்பேசியை எடுத்துப் படத்தை நீக்குகிறாள். "எடுத்துட்டேன் சார். உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்." படிப்பறையில் தாள் புரளும் ஓசை நின்றுபோகிறது. "உங்க நாற்காலி காலியாத்தான் இருக்கு, வந்து உட்காருங்க சார்." அவர் சிரிக்க முயல்கிறார். "இனிமே எதுக்கும்மா? பகல்ல தூங்க வீடே இருக்கே." உறுப்பினர் அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு வாசலை நோக்கி நடக்கிறார்.