வெள்ளைக்குப் பக்கத்தில் நீலம்

பெயர் வைக்கும் முன்பே இறந்த குழந்தையைக் காட்டில் புதைத்தார்கள். அடையாளம் எதுவும் வைக்கக் கூடாது, வைத்தால் அடுத்த பிள்ளை தங்காது என்பது அவர்கள் வழக்கம். எல்லோரும் திரும்பி நடந்ததும் பெற்றவள் கெம்பி மட்டும் பின்தங்கி, வெள்ளைப் பூ பூக்கும் சிறு கிழங்கு ஒன்றை அந்த மண்ணுக்குள் அழுத்திவிட்டு வந்தாள். கணவன் பெள்ளனிடம்கூடச் சொல்லவில்லை.

பனி விலகிய பங்குனியில், விறகுக்கு என்று சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தாள். சருகை விலக்கிக்கொண்டு விரல்நுனி அளவில் வெள்ளைப் பூ நின்றது. அதை ஒட்டி, ஓடைக்கரையில் மட்டுமே முளைக்கும் நீலப் பூ ஒன்று.

வெறுங்கையோடு வீடு திரும்பினாள். வாசலில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்த பெள்ளன் விறகு எங்கே என்று கேட்கவில்லை.

“நீலம் பூத்திருக்கு” என்றாள்.

அவன் தலை நிமிராமல் கேட்டான்: “வெள்ளையும் பூத்துச்சா?”