சனிக்கிழமை பன்னிரண்டு பாட்டில்

"இன்னிக்கும் வருவான் பாரு. உன் கார் தெரு முனை திரும்பினதும் நம்ம ஷெட்டுக்குள்ள நுழைவான்" என்றாள் ஆர்லிஸ்.

"யாரு?"

"எதிர்வீட்டு கோர்ஸ்கிதான்! போன ரெண்டு சனிக்கிழமையும் என் கண்ணால பார்த்தேன். பையோட உள்ள போறான், பாட்டில் சத்தத்தோட வெளிய வர்றான். பொண்டாட்டி பெர்னிஸ் செத்ததுல இருந்து மூணு வருஷமா வாசல்ல தலைகாட்டாத மனுஷன், இப்ப உன் பியரைத் திருட வர்றான், வெர்லின்!"

வெர்லின் கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். கறிக்கடைக்குப் போய் சாசேஜ் வாங்கி வர வேண்டும்.

"ரெண்டு பாட்டில்தானே, எடுத்துட்டுப் போகட்டும் விடு."

"ஷெட்டைப் பூட்டிட்டாவது போ."

"முப்பது வருஷமா பூட்டாத ஷெட். இப்பப் பூட்டினா தெருவே சிரிக்கும்."

ஆர்லிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருட வேறு வீடு கிடைக்கவில்லையா அந்தத் தடியனுக்கு?

அமெரிக்காவில், ஷெபாய்கன் ஊரில் அந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம். கோடையில் சனிக்கிழமை மத்தியானம் அவரவர் புல்லை வெட்டிவிட்டு, மடக்கு நாற்காலியோடு வெர்லின் ஷெட்டுக்கு வந்துவிடுவார்கள். அவர் வீட்டிலேயே காய்ச்சிய கிரீம் ஏல் ஆளுக்கொரு பாட்டில். பேரில்தான் கிரீம். மக்காச்சோளம் சேர்த்துக் காய்ச்சிய, வெயிலுக்கு இதமான பியர் அது. குடிக்க எளிது, காய்ச்சுவதுதான் கஷ்டம். கறுப்பு பியரில் ஆயிரம் தப்பை ஒளிக்கலாம். இதில் ஒரு சின்ன வாடையைக்கூட ஒளிக்க முடியாது.

அந்த வாடைதான் இப்போது வெர்லினுக்குத் தெரியாது. போன வருஷம் வந்த காய்ச்சல் மூக்கைக் கொண்டுபோய்விட்டது. மார்ச்சில் பாட்டிலில் அடைத்தபோது ஆர்லிஸ் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். பியரில் வரவே கூடாத, பாப்கார்னில் ஊற்றுகிற வெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. அவரிடம் சொல்ல மனசு வரவில்லை.

"ஒரே ஒருத்தர் முகம் சுளிச்சாலும் போதும் ஆர்லி, பாத்திரத்தையெல்லாம் வித்துட்டு டிவி முன்னாடி உட்கார்ந்துடுவேன்" என்று அவர் சொல்லியிருந்தாரே!

ஆனால் யாரும் முகம் சுளிக்கவில்லை. வாரா வாரம் சப்புக்கொட்டிக் குடித்தார்கள். பொய் சொல்லியாவது தன் புருஷனைக் காப்பாற்றுகிறார்களே என்று ஆர்லிஸ் உருகிப்போயிருந்தாள். அப்படிப்பட்ட தெருவில் இப்படி ஒரு திருடன்!

வெர்லின் கார் போய் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கோர்ஸ்கி பையோடு வந்தார். அவர் வேலை முடிந்து வெளியே வரும்போது ஆர்லிஸ் வாசலை மறித்து நின்றாள்.

"என்னய்யா கோர்ஸ்கி, பையில என்ன?"

ஆறடி மனுஷன் திருதிருவென்று விழித்தார். "அது வந்து... ஆர்லிஸ்..."

"உடம்பு சரியில்லாதவன் வீட்டுல கை வைக்கறியே, வெட்கமா இல்ல? வெள்ளிக்கிழமையே எண்ணி வெச்சுட்டேன். பன்னிரண்டு பாட்டில்!"

ஷெட்டுக்குள் இருந்த ஃப்ரிட்ஜைத் திறந்தாள். பன்னிரண்டும் இருந்தன. கோர்ஸ்கியின் பையை வாங்கிப் பார்த்தாள். அதிலும் பன்னிரண்டு.

கோர்ஸ்கி பெருமூச்சு விட்டார். பையிலிருந்து ஒரு பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டினார். அதே வெண்ணெய் வாடை. பிறகு ஃப்ரிட்ஜிலிருந்து ஒன்றைத் திறந்து நீட்டினார். ஒரு வாய் குடித்தாள். துளி வாடை இல்லை. தேன் மாதிரி இறங்கியது.

"இது நான் காய்ச்சினது" என்றார் மெதுவாக.

"நீயா? கிரீம் ஏலைத் தண்ணின்னு கிண்டலடிச்சுட்டு, ஆயுசு பூரா தார் மாதிரி கறுப்பு பியர் காய்ச்சினவன்தானே நீ!"

"அப்படிச் சொன்னதுக்கு நல்லா அனுபவிச்சேம்மா. மூணு தொட்டி கெட்டுப்போய், நாலாவதுதான் கைக்கு வந்துச்சு. மார்ச்சுல வெர்லின் முதல் பாட்டிலை எனக்குத்தானே கொண்டுவந்து குடுத்தான்? குடிச்சதும் புரிஞ்சுபோச்சு. அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதம்மா."

 பையை அவளே தூக்கி அவர் தோளில் மாட்டிவிட்டாள்.

மத்தியானம் ஷெட் நிறைந்துவிட்டது. சாசேஜ் கருகக் கருக வெந்தது.

"இந்த வருஷம் உன் கை இன்னும் பக்குவப்பட்டிருக்கு வெர்லின்!" என்றார் மூன்றாவது வீட்டுக்காரர்.

இந்தக் கோடையில்தான் மறுபடி நாற்காலியோடு வர ஆரம்பித்திருந்த கோர்ஸ்கி, பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். "என்ன இருந்தாலும் தண்ணி தண்ணிதான்டா."

"உனக்கு நாக்குன்னு ஒண்ணு இருந்தாத்தானே?" என்றார் வெர்லின். ஷெட்டே சிரித்தது.

எல்லாரும் போனபின் ஆர்லிஸ் காலி பாட்டில்களைப் பொறுக்கினாள்.

"பார்த்தியா, ஒருத்தரும் முகம் சுளிக்கல. பாத்திரத்தை விக்கிற பேச்சை இனிமே எடுக்காதே."

வெர்லின் ஒரு பாட்டில் மூடியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"நான் மூடி அழுத்தற மெஷின் பழசு, ஆர்லி. ஒவ்வொரு மூடி நடுவுலயும் சின்னதா ஒரு குழி விழும். இதுல குழியே இல்ல."

ஆர்லிஸ் கையிலிருந்த பாட்டில்களைக் கீழே வைத்தாள்.

"மூக்குதானே போச்சு. விரல் போகலையே" என்று சிரித்தார்.

"தெரிஞ்சுமா? அப்புறம் எதுக்கு அந்தக் கெட்டுப்போன பியரை வாரா வாரம் ஃப்ரிட்ஜுல அடுக்கறே?"

வெர்லின் எதிர்வீட்டைக் காட்டினார். மூன்று வருஷமாகத் திரை விலகாத கோர்ஸ்கியின் சமையலறை ஜன்னல் விரியத் திறந்திருந்தது. உள்ளே அடுத்த தொட்டிக்கு ஏதோ கொதிக்கிறது போல, ஆவி ஆவியாக வந்துகொண்டிருந்தது.

"பாத்திரத்தை விக்கலாம்னுதான் இருந்தேன், ஆர்லி. ஆனா நான் நிறுத்திட்டா, அவன் யாருக்காகக் காய்ச்சுவான்?"