பெயரில்லாத பலகை

கரி எஞ்சின் ஓடிய காலத்திலிருந்தே அந்தச் சின்ன ஸ்டேஷனில் மஞ்சள் பெயர்ப்பலகை நின்றது. "நான் இல்லேன்னா இந்த ஊர்க்காரங்க எங்கே இறங்குறதுன்னு தெரியாமத் திண்டாடிப் போவாங்க" என்று பிளாட்பார நாயிடம் அது பெருமையடிக்காத நாளில்லை.

ஒருநாள் புதுசாக எழுதுவதற்காகப் பெயிண்டர் பழைய பெயரின் மேல் மஞ்சளைப் பூசிவிட்டு டீ குடிக்கப் போனார். பலகைக்குப் பகீரென்றது. அதற்குள் மாலை பாசஞ்சர் வந்து நின்றது. வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் தூக்கக் கலக்கத்திலும் சரியாக இறங்கி, வீட்டைப் பார்த்து நடந்தார்கள்.

"பாத்தியா, எப்படிப் பழக்கி வச்சிருக்கேன்!" என்றது பலகை.

"ஒருத்தர் மட்டும் கதவோரம் நின்னு உங்களையே உத்துப் பாத்துட்டு, இறங்காமலே போயிட்டாரேண்ணே?" என்றது நாய்.

"அவரையெல்லாம் ஏன்டா கணக்குல சேக்கிறே? அவரு வெளியூரு!"