வேலைக்குப் போகும் வழி

மேற்குத் தாம்பரத்தில், மாடியிலிருக்கும் தொழிற்சங்க அலுவலகத்தில் அனுப்பிரியா வெள்ளைத் தாளில் வழி வரைந்துகொண்டிருக்கிறாள். காலை ஷிப்டுக்குக் கிளம்பிய அவள் கணவன் ஹரிபிரசாத், பைக்கில் போகும்போது லாரி மோதி இறந்து ஐந்து வாரமாகிறது. வேலைக்குப் போகும் வழியில் நேர்கிற விபத்துக்கும் புதுச் சட்டத்தில் இழப்பீடு உண்டு. அது வேலைக்குப் போகும் வழிதான் என்று காட்ட வேண்டும். வெளியே மின்சார ரயில் போகிறது. மேஜைக் கண்ணாடி அதிர்ந்து அடங்குகிறது. சேலையூர் வீட்டுக்கு ஒரு கட்டம் போடுகிறாள். தெற்கே, மறைமலை நகர் கம்பெனிக்கு ஒன்று. விபத்து நடந்த சானடோரியத்துக்குப் பெருக்கல் குறி. அது வடக்கே விழுகிறது.

"இன்னாம்மா, கம்பெனி ஒரு பக்கம் கீது, ஸ்பாட்டு ஒரு பக்கம் கீதே?" என்கிறார் சங்கத்து அரிகிருஷ்ணன்.

"அன்னிக்கு எனக்கு பஸ் போயிடுச்சுண்ணா. அஸ்தினாபுரத்துல நான் வேலை பாக்குற ஸ்கூல்ல என்னை விட்டுட்டுத் திரும்பினார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். "உன்னை வுட்டதைச் சொன்னா, சொந்த வேலையாப் போனார்னு தள்ளிடுவாங்கம்மா. பெட்ரோல் போடப் போனார்னு எழுதிக்கலாம்."

"திரும்பி கம்பெனிக்குத்தானேண்ணா போயிட்டிருந்தார்."

ஜன்னல் வெயில் தாளின் பாதியில் கிடக்கிறது. அவள் வடக்கே மூன்றாவது கட்டம் போட்டு, அதற்குள் 'நான்' என்று எழுதுகிறாள். வீட்டிலிருந்து அதற்கு ஒரு கோடு. அங்கிருந்து தெற்கே திரும்பும் கோடு பெருக்கல் குறியில் வந்து நிற்கிறது. பேனாவை எடுக்காமல் கேட்கிறாள்.

"கம்பெனி வரைக்கும் மீதியைப் புள்ளி புள்ளியா வைக்கட்டுமாண்ணா?"