ரங்கனின் முட்டி வைத்தியம்

"போதும் ரங்கண்ணா, காலைக் கீழ இறக்குங்க."

"இன்னும் கொஞ்சம் செஞ்சுடறேன் டாக்டரம்மா. கடைசி நாளு. கொறை வெக்கக் கூடாது."

கணுக்காலில் மணல் பையைக் கட்டிக்கொண்டு மல்லாந்து படுத்திருந்த ரங்கன், காலை மறுபடி உயர்த்தினார். கண்கள் மூடியிருந்தன. உதடுகள் மட்டும் எதையோ முணுமுணுத்தன.

கிருபாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கேளம்பாக்கத்தில் மருந்துக்கடைக்கு மேலே மாடியில் பிசியோதெரபி போர்டு மாட்டி ஒரு வருடம் ஆகிறது. வருகிறவர்கள் கரண்ட் வைக்கச் சொல்வார்கள், இல்லையென்றால் தைலம் தேய்க்கச் சொல்வார்கள். நீங்களே பயிற்சி செய்யணும் என்றால் மறுநாள் ஆளைக் காணோம். கோவளம் குப்பத்து ரங்கன் ஒருத்தர்தான் சொன்னதைச் செய்கிறவர்.

முட்டித் தேய்மானம். ஒரு மாதம் பயிற்சி செய்து பார்க்கலாம், சரியாகவில்லையென்றால் ஆபரேஷன் என்று பெரிய ஆஸ்பத்திரியில் கெடு வைத்துவிட்டார்கள். கெடு நாளையோடு முடிகிறது. ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டாலே ரங்கன் கன்னத்தில் போட்டுக்கொள்வார். பயம் என்றால் அப்படி ஒரு பயம்.

அதனால் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. விடிந்ததும் குளித்துவிட்டு, கட்டையாய் முளைத்திருந்த தலைமுடியில் நீர் சொட்ட, வெறும் வயிற்றோடு வந்து நிற்பார். செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிடுவார். சாப்பிட்டுவிட்டு வாங்க என்று சொல்லிச் சொல்லிக் கிருபா ஓய்ந்துவிட்டாள். முதல் நாளே மாடிப்படியில் தடதடவென்று ஏறி வந்தவர் அவர். கடற்கரைக்காரர்கள் வலியை வெளியே காட்ட மாட்டார்கள் என்று அதற்கு அவளே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

"பாருங்க சார், இப்படிச் செய்யணும்" என்றாள், பக்கத்துக் கட்டிலில் கழுத்துக்கு ஒத்தடம் வாங்கிக்கொண்டிருந்த பட்டாபிராமனிடம்.

பட்டாபிராமனுக்கு எரிச்சல் வந்தது. "அது வலை இழுத்த உடம்பு மேடம். இது செல்ஃபோன் பார்த்த உடம்பு. ரெண்டையும் கம்பேர் பண்ணலாமா? எனக்குக் கரண்ட் வைங்க, போதும்."

கிருபா ரங்கனிடம் திரும்பினாள். "இப்ப வலி எப்படி இருக்கு?"

"இங்க இன்னா வலி? வலியெல்லாம் வூட்லதாம்மா."

"வீட்ல மட்டுமா?"

"படி ஏறினா வலி. மீன் வெட்ட ஒக்காந்தா எந்திரிக்க முடியாது. ராத்திரி பூரா முனகல். ஆனா போன வாரத்துலேர்ந்து முனகல் கொஞ்சம் கொறைஞ்சு கீது. வேலை செய்யுது டாக்டரம்மா."

"மனசை முட்டியில வெச்சு செய்யணும்னு சொன்னேனே, அது?"

"கண்ண மூடினா அந்த முட்டிதாம்மா தெரியுது. வேற நெனப்பே கெடையாது."

"எக்ஸ்ரே இன்னிக்காவது கொண்டு வந்தீங்களா?"

"வூட்ல பத்ரமா கீது. சாமி படத்துக்குப் பின்னால வெச்சு கற்பூரம் காட்டிகினு இருக்கேன்."

கிருபா பெருமூச்சு விட்டு, அவரைக் குத்துக்காலிட்டு உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தார். எழச் சொன்னாள். கையை எங்கேயும் ஊன்றாமல் எழுந்தார். படுக்க வைத்து முட்டியை மடக்கிப் பார்த்தாள். குதிகால் போய்த் தொடையைத் தொட்டது. சின்ன சத்தம்கூட இல்லை. தேய்ந்த முட்டி இப்படி மடங்கி அவள் பார்த்ததே இல்லை. எல்லாம் தன் கைராசி என்று மனசு சொன்னது. அவளும் மறுக்கவில்லை.

"ரங்கண்ணா, இந்த முட்டிக்கு ஆபரேஷன் தேவையே இல்ல. நானே பெரிய டாக்டருக்கு போன் பண்ணிச் சொல்றேன்."

ரங்கனின் கண்ணில் நீர் முட்டியது. மணல் பையை அவிழ்த்து, இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டு கட்டிலின் மேல் பக்குவமாக வைத்தார். கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த நிமிடம் படியில் தடதடவென்று இறங்கும் சத்தம் கேட்டது.

"ஒரு மாசத்துல முட்டி புதுசாயிடுச்சா?" என்று எழுந்து உட்கார்ந்தார் பட்டாபிராமன். "சரி மேடம், எனக்கும் அந்த எக்சர்சைஸ் சொல்லிக் குடுங்க."

கிருபாவுக்கு அன்றைக்கு வேறென்ன வேண்டும். போனைக் கையில் எடுத்தாள். ரங்கன் துண்டை மறந்துவிட்டுப் போயிருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. அதைக் கொடுத்துவிட்டு வந்து பேசலாம் என்று இறங்கிப் போனாள்.

வாசலில் ஒரு ஆட்டோ நின்றிருந்தது. உள்ளே ஒரு அம்மாள் சீட்டின் மேல் ஒரு காலை நீட்டி, வீங்கிய முட்டியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ரங்கன் குனிந்து அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"எறங்கு அங்காளம்மா. ஆபரேசன் வேணாம்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. மாசம் பூரா ஒனக்கோசரம் ஒரு கொறையும் வெக்காம செஞ்சு முடிச்சுட்டேன். எறங்கி நட."

கிருபாவின் கையிலிருந்த துண்டு நழுவியது. "முட்டி வலி இவங்களுக்கா? அப்ப நீங்க எதுக்கு எக்சர்சைஸ் செஞ்சீங்க?"

ரங்கன் அவளை வினோதமாகப் பார்த்தார். முள் முள்ளாய் வளர்ந்திருந்த தலையைத் தடவிக்கொண்டார்.

"இன்னா டாக்டரம்மா இப்டி கேக்கறீங்க. எம் பொண்டாட்டி இவ காய்ச்சல்ல கெடந்தப்ப திருப்போரூர்ல மொட்ட போட்டுக்கினது யாரு, இவளா? நான்தானே. கொணமாவலியா?"