சைக்கிளைப் போட்டுட்டு ஓடு

"சைக்கிளைப் போட்டுட்டு ஓடு. உயிர் வேணும்னா ஓடு."

சோளக்காட்டுக்குள்ளிருந்து பாய்ந்து வந்தவன் ஹேண்டில்பாரைப் பிடித்து உலுக்கிய உலுக்கலில், பல் டாக்டர் சைக்கிளோடு சேர்ந்து மண்பாதையில் உருண்டார். முழங்கால் சிராய்த்து ரத்தம் கொட்டியது. எதிரே நின்றவன் கையில் தடி, கண்ணில் வெறி.

டாக்டருக்குச் சைக்கிளை விட மனசில்லை. ஒரு வாரம் கிளினிக்கைப் பூட்டிவிட்டு, ஊர் ஊராகத் தனியாகச் சைக்கிள் மிதித்து, கிடைத்த இடத்தில் கூடாரம் அடித்துத் தூங்குவேன் என்று வீட்டில் சபதம் போட்டுவிட்டு வந்தவர். "கொசு கடிச்சாலே ஆம்புலன்ஸ் கூப்பிடற ஆளு நீங்க" என்று சிரித்த மனைவிதான், கிளம்புகிற நேரத்தில் மனசு கேட்காமல் ஒரு பித்தளை மணி வாங்கி மாட்டிவிட்டாள். முதல் நாளே பறிகொடுத்துத் திரும்பினால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள்.

காற்றடிக்கும் பம்பை உருவி அவன் முழங்கையில் ஓங்கி ஒன்று வைத்தார். தடி கீழே விழுந்தது. அவன் அலறிக்கொண்டே அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"அட, ஓடுன்னா ஓடித் தொலையேன்யா..."

அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை. பின்னாலிருந்து வந்த மண்வெட்டிக் காம்பு அவன் தாடையில் இறங்கியது. காய்ந்த விறகு முறிகிற சத்தம். இரண்டு பற்கள் தெறித்து டாக்டரின் காலடியில் விழுந்தன.

அடித்தவர் ஓர் ஆஜானுபாகுவான விவசாயி. விழுந்தவனை அத்தோடு விடவில்லை. விலாவில் ஒன்று, முதுகில் ஒன்று, மறுபடி விலாவில் ஒன்று. நெல் அடிப்பது போல நிதானமாக அடித்தார்.

"போதுங்க, செத்துடப் போறான்."

"சாகட்டும் சார். கூடப் பிறந்த தம்பிதான், நானே தூக்கி வளர்த்தவன். வழியில போறவங்களை மறிக்கறதே பொழப்பாப் போச்சு இவனுக்கு."

டாக்டர் நடுக்கத்தை மறைக்கச் சிரித்தார். "நான் ஒரு பல்லுக்கு அரை மணி நேரம் மல்லுக்கட்டுவேன். நீங்க ஒரே போடுல ரெண்டு எடுத்துட்டீங்க."

"ஓ, பல் டாக்டரா? அப்ப நம்ம கையிலயும் தொழில் இருக்குன்னு சொல்லுங்க."

விவசாயி தம்பியைக் காலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போய், தகரக் கொட்டகையில் தூணோடு கட்டிப் போட்டார். போலீசைக் கூப்பிடலாமே என்றார் டாக்டர்.

"இங்க டவர் எடுக்காது டாக்டர். காலையில நானே டிராக்டர்ல ஏத்திக் கொண்டுபோய் ஒப்படைக்கறேன். பொழுது சாயுது, நம்ம களத்துலயே கூடாரம் போட்டுக்கங்க. வீட்ல தேடுவாங்களோ?"

"ஒரு வாரம் கழிச்சுத்தான் வருவேன்னு சொல்லியிருக்கேன்."

"அப்ப நிம்மதியாப் படுங்க."

கூடாரம் எழுந்து நின்றபோது, குருவிக் கூட்டம் ஒன்று மேகம் போலச் சோளத்தின் மேல் இறங்கியது. விவசாயி களத்து ஓரமிருந்த கயிற்றைச் சுண்டி இழுத்தார். காடு முழுக்க கிணிகிணியென்று அதிர்ந்தது. குருவிகள் சிதறிப் பறந்தன.

டாக்டர் அப்போதுதான் பார்த்தார். கயிறு நெடுகக் கம்பிக் கொக்கிகள். கொக்கிக்கு ஒன்றாகப் பழைய சைக்கிள் மணிகள். எவர்சில்வர், துருப்பிடித்த இரும்பு, ரோஜாப்பூ வரைந்த சிவப்பு ஒன்று. கடைசிக் கொக்கி மட்டும் காலி.

"ஒரே மாதிரி சத்தம்னா குருவிக்குப் பழகிடும்" என்றார் விவசாயி. "ஒவ்வொண்ணும் வேற வேறயா இருக்கணும். அப்பதான் பயப்படும்."

விவசாயத்தில் எவ்வளவு மூளை வேண்டியிருக்கிறது என்று டாக்டர் வியந்தார். பிறகு, தொழில் புத்தி விடாமல், முதலுதவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். கொள்ளைக்காரன் ஆனாலும் தாடை தாடைதானே.

தாடை இரண்டு இடத்தில் முறிந்து தொங்கியது. இனி மாதக்கணக்கில் இவன் ஒரு வார்த்தை பேச முடியாது. டாக்டர் துணியால் தாடையைத் தாங்கிக் கட்டினார். அவன் கண்ணில் இப்போது வெறி இல்லை. பொலபொலவென்று நீர்தான் கொட்டியது.

"ஏன்யா அழறே? கட்டிட்டேன்ல, வலி குறையும்."

அவன் தலையை ஆட்டினான். இல்லை, இல்லை என்று வேகமாக ஆட்டினான். ரத்தம் தெறித்தது. வெளியே சோளக்காட்டுப் பக்கம் கண்ணைக் காட்டினான். பிறகு டாக்டரைப் பார்த்தான். மறுபடி காட்டைப் பார்த்தான். டாக்டருக்கு எதுவும் விளங்கவில்லை. சட்டென்று அவன் கட்டாத காலைத் தூக்கி, அவர் இடுப்பில் வாசல் பக்கமாக ஓங்கி உதைத்தான்.

"நன்றி கெட்ட பயலே. மருந்து போட வந்தவனையே உதைக்கறியா?"

இடுப்பைப் பிடித்துக்கொண்டு டாக்டர் வெளியே வந்தார்.

டிங்.

கேட்டுப் பழகிய ஒலி. கூடாரத்தை ஒட்டி அவருடைய சைக்கிள் படுத்துக் கிடந்தது. பக்கத்தில் விவசாயி குந்தியிருந்தார். மடியில் மண்வெட்டி. ஒரு கையில் ஸ்பேனர். இன்னொரு கையில், ஹேண்டில்பாரிலிருந்து கழற்றிய பித்தளை மணி. அதைக் காதோரம் வைத்து மறுபடி ஒரு தட்டுத் தட்டி, கண்மூடிக் கேட்டார்.

பிறகு மண்வெட்டியை ஊன்றி எழுந்தார்.

"இந்தச் சத்தம் எங்கிட்ட இல்ல, டாக்டர்."